குரங்கின் திசுவுக்குள் வைரஸ்: ஆய்வுக் கட்டுரை படிக்கத் தொடங்குபவர்களுக்கு

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து முதுகலை படிக்க வந்திருக்கும் ஒரு தங்கை, போன மாதம் ஒரு கட்டுரையை என் மேசையில் வைத்து, “அக்கா, மூணாவது நாளே டி செல்லெல்லாம் செத்துப்போச்சு, இங்க பாருங்க” என்றாள். வரைபடத்தில் கோடு சரிந்து விழுந்திருந்தது. படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னேன். “ரத்தம்” என்றாள்.

தைப்பூசத்தன்று பினாங்குப் பாலத்தில் நின்று காடிகளை எண்ணுகிறோம் என்று வையுங்கள். விடியற்காலையில் நெரிசல். பத்து மணிக்குப் பாலம் காலி. ஆட்களெல்லாம் எங்கே போனார்கள்? தண்ணீர்மலையில் நிற்கிறார்கள். வைரஸ் நுழைந்த முதல் சில நாட்களில் ரத்தத்தில் நிணச்செல்கள் குறைவதற்குப் பெரிய காரணம் இதுதான். இன்டர்ஃபெரான் என்னும் அபாயச் செய்தி பரவியதும் செல்கள் ரத்தத்தை விட்டு நிணநீர்க்கணுக்களுக்குள்ளும் மற்ற திசுக்களுக்குள்ளும் போய்விடுகின்றன. பாலத்தை மட்டும் பார்த்தவர் ஊரே அழிந்துவிட்டது என்று எழுதுவார்.

படிவம் ஆறில் உயிரியல் படித்திருந்தால் போதும், கீழே சொல்வதைத் தொடரலாம். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுங்கள். முதலில் முன்னுரையைத் தாண்டி நேராகப் படங்களுக்கு வாருங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம்.

படி 1: எந்தக் குரங்கு, எந்த வைரஸ்?

“குரங்கு” என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகாதீர்கள். ஆய்வகங்களில் அதிகம் வருவது ரீசஸ் குரங்கு. வட இந்தியக் கோயில்களில் கூட்டமாகத் திரியுமே, அந்தச் சிவந்த முகத்துக்காரர். அடுத்தது நீள்வால் குரங்கு. தாவரவியல் பூங்காவிலும் தண்ணீர்மலைப் படிகளிலும் நம் கையிலிருக்கும் பிளாஸ்டிக் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற அதே கெராதான். கட்டுரைகளில் சைனோமோல்கஸ் என்ற பெயரில் உட்கார்ந்திருப்பதால் நம் ஊர்க்காரர் என்று தெரிவதில்லை. மொரிஷியசிலிருந்து வரும் சைனோமோல்கஸ் என்று போட்டிருந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கப்பலேறிப்போன சில குரங்குகளின் வம்சம் அது. நம் தமிழர்கள் அந்தத் தீவுக்குப் போவதற்கு முன்பே போய்விட்டது. தொடக்கத்தில் இருந்தவை கொஞ்சம் என்பதால் அவற்றின் நோயெதிர்ப்பு மரபணுக்களில் வேறுபாடு குறைவு. ஆய்வாளருக்கு அது வசதி.

இன்னொரு பக்கம் ஆப்பிரிக்கக் குரங்குகள். சூட்டி மங்கபே, ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஆகிய இரண்டு பெயர்களும் திரும்பத் திரும்ப வரும். எச்.ஐ.வி.க்கு உறவுக்கார வைரஸான எஸ்.ஐ.வி. இவற்றின் உடம்பில் காலங்காலமாக இருக்கிறது. ரத்தத்தில் வைரஸ் ஏராளம், ஆனால் குரங்கு நன்றாகத்தான் இருக்கும். அதே குடும்பத்து வைரஸ் ஆசிய ரீசஸ் குரங்குக்குள் போனால் எய்ட்ஸ் போன்ற நோய் வந்து இறந்துவிடுகிறது. வித்தியாசம் எங்கே? இரண்டு வகைக் குரங்கிலும் தொடக்கத்தில் இன்டர்ஃபெரான் பலமாகவே எழுகிறது. ஆப்பிரிக்கக் குரங்குகளில் சில வாரங்களில் அது அடங்கிவிடுகிறது, ரீசஸில் அடங்குவதே இல்லை. மங்கபேயின் சிடி4 டி செல்களில் (மற்ற நோயெதிர்ப்புச் செல்களுக்கு உதவுபவை, எஸ்.ஐ.வி.யின் முக்கிய இலக்கும் அவைதான்), வைரஸ் உள்ளே நுழையப் பிடித்துக்கொள்ளும் சிசிஆர்5 என்ற கைப்பிடி குறைவாகவே இருக்கிறது. பச்சைக் குரங்கின் டி செல்கள் முதிரும்போது, வைரஸ் முதலில் பற்றிக்கொள்ளும் சிடி4 மூலக்கூறையே கழற்றி வைத்துவிடுகின்றன. திருடன் வருவான் என்று தெரிந்து கதவு எண்ணையே அழித்துவிட்ட வீடு மாதிரி.

ஆனால் இதே பச்சைக் குரங்குக்கு நிப்பா வைரஸைக் கொடுத்தால் கடுமையாக நோய்வாய்ப்படும். நம் மலேசியாவில் 1998, 1999இல் 265 பேருக்கு வந்து 105 பேரைக் கொண்டுபோன நோய் அது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். கம்போங் சுங்கை நிப்பா என்ற ஊர்ப் பெயரே வைரஸுக்கு நிலைத்துவிட்டது. மனிதர்களுக்கு வருவதைப் போலவே பச்சைக் குரங்குக்கும் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்படுவதால், தடுப்பூசிகளை அதில் சோதிக்கிறார்கள். ஆக, “பச்சைக் குரங்கு தாங்கும்” என்று எழுதினால் பாதி பொய். குரங்கும் வைரஸும் ஜோடியாகவே நோட்டில் இருக்கவேண்டும்.

படி 2: எந்தத் திசு?

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்கவேண்டும்.

உடம்பிலுள்ள நிணச்செல்களில் ரத்தத்தில் ஓடுவது நூற்றுக்கு இரண்டு அளவுதான். மீதியெல்லாம் நிணநீர்க்கணு, மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, நுரையீரல், குடல் என்று பரவிக் கிடக்கின்றன. ஆனால் ரத்தம் எடுப்பது சுலபம், குரங்குக்கும் தொந்தரவு குறைவு. அதனால் பல ஆண்டுகள் எல்லாரும் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1998இல் ரீசஸ் குரங்கின் குடலைத் திறந்து பார்த்தபோதுதான் அதிர்ச்சி. எஸ்.ஐ.வி. தொற்றிய சில வாரங்களுக்குள் குடல் சுவரிலிருந்த சிடி4 டி செல்கள் பெரும்பாலும் காணாமல் போயிருந்தன. அதே நாட்களில் ரத்தத்தில் அவ்வளவு பெரிய மாற்றம் தெரியவில்லை. 2005இல் இன்னும் துல்லியமாக எண்ணினார்கள்: வைரஸ் உச்சத்தில் இருக்கும்போது உடம்பெங்கும் உள்ள நினைவு சிடி4 செல்களில் (ஏற்கெனவே ஏதோ ஒரு கிருமியைச் சந்தித்தவை) 30 முதல் 60 சதவீதம் வரை தொற்றுக்கு உள்ளாகின்றன, அவற்றில் பெரும்பாலானவை நான்கே நாளில் அழிகின்றன. குடல் சுவரைக் காக்கும் செல்கள் போனதும் குடலுக்குள் இருக்கவேண்டிய பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்தில் கசிகின்றன. நோயெதிர்ப்பு மண்டலம் ஓய்வே இல்லாமல் எரிந்துகொண்டிருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

2014இல் வந்த சோதனையும் இதே பாடம்தான். தொற்றிய மூன்றாம் நாளே, ரத்தத்தில் வைரஸ் தலைகாட்டுவதற்கு முன்பே, சில ரீசஸ் குரங்குகளுக்கு மருந்து தொடங்கினார்கள். ரத்தம் சுத்தம். நிணநீர்க்கணுவிலும் குடலிலும் தேடியபோது வைரஸின் டிஎன்ஏ ஏற்கெனவே செல்களுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. ஆறு மாதம் போல மருந்து கொடுத்து நிறுத்தினார்கள். வைரஸ் திரும்பி வந்தது. எனக்கு இந்தத் துறையில் மனதை விட்டு அகலாத படம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

நோட்டில் திசுவின் பெயரை எழுதும்போது இரண்டு சந்தேகங்களையும் எழுதுங்கள். ஒன்று, அந்தச் செல் அந்தத் திசுவிலேயே குடியிருப்பதா, வந்து போவதா? சிடி69, சிடி103 என்ற அடையாளங்கள் சேர்ந்திருந்தால் குடியிருப்பவர் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு, நுரையீரலை அரைத்தால் அதன் நுண்குழாய்களில் இருந்த ரத்தமும் சேர்ந்துதானே வரும்? நல்ல ஆய்வகங்கள் இதற்கு ஒரு உபாயம் செய்கின்றன. குரங்கின் உயிர் பிரிவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் நிறமேற்றிய ஆன்டிபாடியை ரத்தக்குழாயில் செலுத்துகிறார்கள். குழாய்க்குள் இருந்த செல்களில் நிறம் ஏறிவிடும், திசுவுக்குள் ஒதுங்கியிருந்தவற்றில் ஏறாது. செய்முறைப் பகுதியில் இது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் நுரையீரல் படத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

படி 3: எந்த நாள்?

கிடைக்கோட்டில் நாட்களைப் பார்த்துவிட்டு மேலே நிமிருங்கள். பொதுவான வரிசை இப்படி: முதல் மணிநேரங்களில் இன்டர்ஃபெரான், முதல் சில நாட்களில், தொற்றிய செல்லைச் சட்டென்று கொல்லும் என்.கே. செல்களும் பெருவிழுங்கிகளும், இரண்டாம் வாரத்தை ஒட்டி அந்த வைரஸையே குறிவைத்துத் தொற்றிய செல்களைக் கொல்லும் சிடி8 டி செல்கள், அதன் பிறகு வலுவான ஆன்டிபாடிகள். எஸ்.ஐ.வி.யில் ரத்த வைரஸ் உச்சத்தைத் தொடுவதும் ஏறக்குறைய பத்திலிருந்து பதினான்காம் நாளுக்குள். படை வந்து சேரும்போது எதிரி ஏற்கெனவே ஊரைச் சுற்றிவிட்டான். ஒரு கட்டுரை ஐந்தாம் நாள் மட்டும் திசு எடுத்துவிட்டு “டி செல் எதிர்வினை பலவீனம்” என்று முடித்தால், அது இன்னும் வரவே இல்லை என்று அர்த்தம்.

படி 4: செல்லை எப்படி வெளியே எடுத்தார்கள்?

இதை ஒரு தடவையாவது கூட இருந்து பாருங்கள். நிணநீர்க்கணு சுலபம். மொச்சைக்கொட்டை அளவில் இருக்கும். கொழுப்பைச் சீவி எடுத்துவிட்டு, 70 மைக்ரான் வலையின் மேல் வைத்து, ஊசிக் குழாயின் பின்தண்டால் அழுத்தித் தேய்த்தால் செல்கள் கலங்கிய அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கீழே இறங்கும். அரை மணி நேர வேலை.

குடல் அப்படி விடாது. முதலில் சளியைக் கழுவவேண்டும். துண்டுகளாக்கி, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ கரைசலில் 37 டிகிரியில் குலுக்கினால் மேல்தோல் அடுக்கு கழன்று வரும். அதற்குள் இருக்கும் நிணச்செல்கள் ஒரு கூட்டம். மிச்சமிருக்கும் சதையைக் கொலாஜனேஸ் என்சைமில் போட்டு மறுபடி குலுக்கினால் உள்ளடுக்குச் செல்கள் வரும், அது இன்னொரு கூட்டம். அப்புறம் அடர்த்திக் கரைசலில் சுழற்றிக் குப்பையைப் பிரிக்கவேண்டும். காலையில் பசியாறிவிட்டு உட்கார்ந்தால் எழும்போது மதியச் சாப்பாட்டு நேரம் போயிருக்கும். இவ்வளவு நேரத்தில் செல்கள் கொஞ்சம் சாகும். என்சைம் சில அடையாள மூலக்கூறுகளையும் செல்லின் மேலிருந்து நறுக்கிவிடும். அதனால் “குடலில் இந்த அடையாளம் இல்லை” என்று படித்தால், வைரஸ் அழித்ததா, என்சைம் அழித்ததா என்று கேளுங்கள். தொற்றில்லாத குரங்கின் குடலையும் இதே முறையில் செய்து பக்கத்தில் காட்டியிருந்தால் பதில் கிடைத்துவிடும்.

அரைத்துவிட்டால் போகும் இன்னொன்று, இடம். சட்னி அரைத்த பிறகு மிளகாய் எந்த மூலையில் இருந்தது என்று சொல்ல முடியுமா? நிணநீர்க்கணுவுக்குள் பி செல்கள் கூடும் உருண்டையான அறைகள் இருக்கின்றன. அங்கே பி செல்லுக்கு உதவும் ஒருவகை சிடி4 செல் தங்கும். சிடி8 செல்கள் பெரும்பாலும் அந்த அறைக்குள் நுழைவதில்லை, வெளியேதான் சுற்றுகின்றன. வைரஸை நன்றாகக் கட்டுப்படுத்தும் ரீசஸ் குரங்குகளில்கூட எஸ்.ஐ.வி. அந்த அறைக்குள் பதுங்கித் தொடர்ந்து பெருகுவதை 2015இல் காட்டினார்கள். மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இது தெரியும். அரைத்து எண்ணியவருக்கு இரண்டு கூட்டமும் ஒரே குழாயில்.

படி 5: புள்ளிப் படத்தைப் படிப்பது

ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி, செல்களை ஒற்றை வரிசையில் லேசர் முன் ஓடவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒட்டியிருக்கும் நிற ஆன்டிபாடிகளைப் படிக்கிறது. ஒரு புள்ளி, ஒரு செல். புள்ளிக் கூட்டத்தைச் சுற்றிப் பெட்டி வரைந்து, அதற்குள் இருப்பவற்றை மட்டும் அடுத்த படத்துக்கு எடுத்துப்போவார்கள். இதைத்தான் கேட் போடுவது என்கிறோம். வரிசையை விரலால் தொடுங்கள்: முதலில் செல் அளவு, பிறகு இரட்டையாக ஒட்டியவை நீக்கம், பிறகு செத்தவை நீக்கம், பிறகு சிடி45 (வெள்ளணுக்களின் அடையாளம்), பிறகு சிடி3 (டி செல்லின் அடையாளம்), கடைசியில் சிடி4, சிடி8. செத்த செல்லை நீக்காத படத்தை நான் நம்புவதில்லை. செத்த செல் எல்லா ஆன்டிபாடியையும் பஞ்சு மாதிரி உறிஞ்சிக்கொள்ளும்.

என் முதல் வருடக் கதையைச் சொல்கிறேன். உறைநிலையில் வந்த ரீசஸ் நிணநீர்க்கணுச் செல்களை உருக்கி, நிறமேற்றி, ஓடவிட்டேன். சிடி3 பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. டி செல்லே இல்லை! தொற்று எல்லாவற்றையும் துடைத்துவிட்டது என்று நினைத்து, ராத்திரி ஒன்பது மணிக்கு மேற்பார்வையாளருக்கு ஃபோன் செய்தேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: “எந்தக் குளோன்?” அதாவது, சிடி3ஐப் பிடிக்கும் ஆன்டிபாடிகளில் எந்த வகை என்று. குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தேன். யுசிஎச்டி1. மனித டி செல்லைப் பிடிக்கும் அருமையான ஆன்டிபாடி, ரீசஸின் சிடி3யைப் பிடிக்காது. குரங்குக்கு எஸ்பி34-2 வேண்டும். டி செல்கள் எல்லாம் அங்கேயே இருந்தன, என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஒரு குழாய் செல் வீண். குரங்கிடமிருந்து வந்த ஒவ்வொரு குழாயும் திரும்பக் கிடைக்காது என்பது அன்றிரவு உறைத்தது.

மனிதப் பாடநூலில் படித்தது இங்கே பல இடங்களில் கால் வாரும். மனித என்.கே. செல்லுக்கு சிடி56 என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். ரீசஸில் சிடி56 மோனோசைட்டுகளில் இருக்கும். என்.கே. செல்லைப் பிடிக்க, சிடி3 இல்லாதவற்றில் சிடி8 ஆல்ஃபாவும் என்கேஜி2ஏவும் உள்ளவற்றைத் தேடவேண்டும். சிடி8 ஆல்ஃபா (சிடி8 மூலக்கூறின் ஒரு பாதி) என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும்.

படி 6: சதவீதமா, எண்ணிக்கையா?

ஒரு துண்டுக் குடலில் 100 சிடி4, 100 சிடி8 இருக்கிறது என்று வைப்போம். சிடி8இன் பங்கு 50 சதவீதம். வைரஸ் 80 சிடி4 செல்களைக் கொன்றுவிட்டது. இப்போது 20க்கு 100. சிடி8இன் பங்கு 83 சதவீதம். ஒரு சிடி8 செல்கூடப் புதிதாக வரவில்லை, வரைபடத்தில் மட்டும் படை திரண்டுவிட்டது. நிலைக்கோட்டில் “சதவீதம்” என்று இருந்தால், எதில் சதவீதம் என்று நோட்டில் எழுதாமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள். ஒரு கிராம் திசுவுக்கு இத்தனை செல் என்ற கணக்கும் கூடவே இருந்தால் நிம்மதி.

படி 7: எத்தனை குரங்கு, யார் காரணம்?

ஒரு குழுவில் நான்கு முதல் எட்டுக் குரங்குகள் இருப்பது சகஜம். அதனால் சராசரிக் கோட்டை விட, ஒவ்வொரு குரங்கின் கோட்டையும் தனியாகத் தொடருங்கள். சில ரீசஸ் குரங்குகள் பிறவியிலேயே எஸ்.ஐ.வி.யை நன்றாக அடக்கும். மாமு-பி08, மாமு-பி17 என்ற மரபணு வகைகள் அதோடு தொடர்புடையவை. (மக்காக்கா முலாட்டா என்ற அறிவியல் பெயரின் சுருக்கம் அது. நாசி கண்டார் கடையில் சத்தமாகச் சொன்னால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள்.) அப்படி ஒன்று மருந்துக் குழுவில் மட்டும் மாட்டிக்கொண்டால் மருந்துக்குப் பெயர் வந்துவிடும்.

சிடி8 கூடியது, வைரஸ் குறைந்தது, ஆகவே சிடி8தான் குறைத்தது என்று எழுதுவது எளிது. அதை நிரூபிக்க, அந்தச் செல்லையே எடுத்துவிட்டுப் பார்க்கவேண்டும். 1999இல் ரீசஸ் குரங்குகளுக்கு சிடி8ஐ அழிக்கும் ஆன்டிபாடி கொடுத்தார்கள். அடங்கியிருந்த வைரஸ் எகிறியது, சிடி8 செல்கள் திரும்பி வந்ததும் இறங்கியது. அழகான சோதனை. ஆனால் அடிக்கோடிட்டதை இப்போது பாருங்கள். சிடி8 ஆல்ஃபா என்.கே. செல்லிலும் இருக்கிறது. அந்த ஆன்டிபாடி இரண்டு பேரையும் சேர்த்தே தூக்கிவிடும். பிற்பாடு, மற்றப் பாதியான சிடி8 பீட்டாவைக் குறிவைக்கும் ஆன்டிபாடி வந்தது, அது டி செல்லை மட்டும் எடுக்கும். கட்டுரையில் எதைக் கொடுத்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவை நம்புங்கள்.

அந்தத் தங்கை இப்போது நான்காவது கட்டுரையில் இருக்கிறாள். நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் “பாலமா? ஊரா?” என்று எழுதி வைத்திருக்கிறாள்.

அப்புறம் ஒரு விஷயம், புதிதாக வருபவர்கள் எல்லாரிடமும் சொல்வது. ரீசஸ், நீள்வால் போன்ற மக்காக் இனக் குரங்குகள் பல, ஹெர்பிஸ் பி என்ற வைரஸைச் சுமக்கின்றன. அவற்றின் நோயெதிர்ப்புச் செல்கள் அதை நரம்புமுடிச்சுக்குள்ளேயே அடக்கி வைத்திருப்பதால் குரங்குக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மனிதருக்கு வந்தால் மூளையைத் தாக்கும். 1932இல் கடிபட்ட ஒரு இளம் மருத்துவர் அதில் இறந்தபோதுதான் இந்த வைரஸே தெரியவந்தது. மனிதருக்கு வருவது மிக அரிது, ஆனாலும் ஆய்வகத்திலோ தண்ணீர்மலைப் படியிலோ குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் இரண்டு நிமிடமே பதினைந்து மாதிரி தெரியும். கழுவி முடித்ததும் நேராக மருத்துவமனைக்குப் போய், கடித்தது குரங்கு என்று பதிவு செய்யும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.